அது சாமி இல்லை, நடுக்கம்

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் மூன்று வகை மாத்திரை, மறுபடி வரவேண்டிய தேதி எழுதிய அட்டை, அக்கா கொண்டுவந்த கைலி, ஓர் ஆரஞ்சு. "மாமா வேலை முடிஞ்சு நாலு மணிக்குக் காரோட வருவாங்க. அதுவரைக்கும் கட்டில்ல உக்காரு" என்று அக்கா சொல்லியிருந்தாள். என்னால் உட்கார முடியவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. மாசாயில் லெட்சுமி என்ற பெண் அன்று மாலை தன் கணவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போவாள். அவர் போகவேண்டியது நான் அப்போது விட்டு வந்த ஆஸ்பத்திரிக்கு. போகவிடாமல் தடுத்தவன் நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். குடியை விடப்போகிறவர்களும், விட்டுவிட்டு நடுங்குகிறவர்களும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் சேகர். வயது நாற்பத்தொன்று. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், இடைநிலைப் பள்ளியில் ஒன்றரை வருடம். அதற்குப் பிறகு ஊர் சுற்றல்தான். பாலோவில் செம்பனைக் குலை ஏற்றினேன். சிங்கப்பூரில் கம்பி கட்டினேன். கடைசியாக பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்டத்தில், வேலையாட்கள் தங்கும் கொங்சியில் ஆறு பேரோடு இருந்தேன். எந்த இடத்திலும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. எல்லா இடத்துக்கும் என்னோடு வந்தது சம்சு. சின்ன பாட்டிலில் விற்கும் மலிவுச் சாராயம் அது.

கடைசி வருடம் காலையில் எழுந்தால் முதலில் வாந்தி. ஒரு மடக்கு உள்ளே போய்த் தங்கும்வரை கை நிற்காது. கணுக்காலை விரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே இருக்கும். ஒரு நாள் பழத்துக்கு வைத்த கத்தி இடது கட்டைவிரலில் இறங்கியது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டார், "பழம் வெட்ட வந்தியா, கைய வெட்ட வந்தியா?" அன்று இரவு அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் மாசாயில், பாசிர் கூடாங் தொழிற்சாலைக்காரர்கள் குடியிருக்கும் பிளாட்டில் மாமாவோடு இருக்கிறாள்.

"வா. வேணாங்கல. குடிச்சிட்டு வந்தா மட்டும் கதவத் தொறக்க மாட்டேன்."

புதன்கிழமை காலை இருந்ததைக் குடித்து முடித்துவிட்டு பஸ் ஏறினேன். மாலை போய்ச் சேர்ந்ததும் அக்கா என் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினாள். மூன்று வெள்ளிக்கிழமை பிளாட்டுக்குப் பின்னால் உள்ள முனீஸ்வரன் கோயிலுக்குப் போகவேண்டும், கயிறு இருக்கும்வரை தொடக்கூடாது என்றாள். நம்மவர்கள் பல பேர் இப்படித்தான் விடுகிறோம். தைப்பூசத்துக்குக் காப்புக் கட்டுவோம், தீமிதிக்குக் கட்டுவோம். நேற்று வரை மொடாக் குடி, இன்று ஒரு சொட்டுக்கூட இல்லை. டாக்டரிடம் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சாமிக்குச் சொல்லியாயிற்று அல்லவா.

வியாழக்கிழமையே வேர்க்கத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் நிற்கும்போது விரலில் இருந்த நடுக்கம் தோளுக்கு ஏறிவிட்டது. உறுமி அடிக்கிறார்கள். சாம்பிராணிப் புகை. என் தலை ஆடுகிறது, பல் கிட்டுகிறது, சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. பூசாரி ஓடிவந்து என் இடுப்பில் துண்டைச் சுற்றிக் கட்டினார்.

"வந்துட்டாரு. அப்பன் வந்துட்டாரு. வழி விடுங்க."

அக்கா அழுதுகொண்டே கும்பிட்டாள். என்னைக் கும்பிட்டாள். முனி வந்தால் சுருட்டும் சரக்கும் கொடுப்பது வழக்கம். பூசாரி படையலில் இருந்த பிராந்தி பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். இதைக் குடித்தால் நடுக்கம் நிற்கும். காப்பையும் மீறியதாக ஆகாது. குடிப்பது நான் இல்லையே.

பாதி பாட்டில் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் உடம்பு அடங்கியது. "சாமி சாந்தமாயிட்டாரு" என்றார் பூசாரி. குறி கேட்க வரிசை கட்டிவிட்டார்கள். முதலில் வந்தவள் லெட்சுமி. பக்கத்தில் அவள் கணவர் மணியம், முட்டை லோரியில் வேலை செய்பவர். கண் மஞ்சள், கால் மெலிந்து, வயிறு மட்டும் பானை மாதிரி.

"அப்பா, கிளினிக்ல இவர பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொல்றாங்க. போகவா வேணாமா, நீதான் சொல்லணும்."

அடுத்த வெள்ளிக்கிழமையும் அந்தப் பாட்டில் என் கைக்கு வரவேண்டும். என் மனதில் ஓடியது அது மட்டும்தான். குரலை மாற்றிச் சொன்னேன். "மூணு வெள்ளிக்கிழமை என்கிட்ட கூட்டிட்டு வா. நான் பாத்துக்கறேன்." விபூதியை அள்ளி அவர் வயிற்றில் பூசினேன்.

அதன் பிறகு நான் ஒன்றும் குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுச் சமையலறையில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அத்தோடு சரி. மீதியை மாமா சொல்லித்தான் தெரியும். கட்டை மாதிரி விழுந்து கைகால் வெட்டி இழுத்ததாம். அக்கா கற்பூரம் தேடினாளாம். மாமா என் கையில் சாவிக் கொத்தைத் திணித்துப் பார்த்துவிட்டு, "சாமி வந்தா நாக்கக் கடிச்சு ரத்தம் வருமா? கற்பூரத்த வைடி, போன எடு" என்றாராம். மாமா அதிகம் பேசாதவர். அந்த ஒரு வார்த்தையால் நான் இருக்கிறேன்.

ஆம்புலன்ஸ், அவசரப் பிரிவு, மஞ்சள் கோடு போட்ட பகுதியில் தள்ளுகட்டில். விழுந்ததில் தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன். பரிசோதனைக்கு ரத்தம் ஆறு குப்பி. வார்டுக்கு ஏற்றியதும் ஊசி குத்த வந்த மிஸி வலது கையில் இருந்த மஞ்சள் கயிற்றை வெட்டவேண்டும் என்றார். அக்கா கையை மேலே போட்டு மறைத்துக்கொண்டாள். "சரி, கயிறு இருக்கட்டும். இந்தக் கையில குத்திக்கறேன்" என்று மிஸி சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தார். அவர் பெயர் கலா. மிஸி என்றால் இங்கே நர்ஸ்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் இருப்பது வார்டு என்றே எனக்குத் தெரியவில்லை. பெக்கான் நானாஸில் அன்னாசி விளையும் மண் கரி மாதிரி இருக்கும். காலை வைத்தால் உள்ளே வாங்கும், வாய்க்காலில் ஓடும் தண்ணீர் கறுப்புக் காப்பி நிறம். அந்தத் தண்ணீர் கட்டில்களுக்குக் கீழே ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரையும் எழுப்பக் கத்தினேன். ஊசியைப் பிடுங்கினேன். துணியால் கையைக் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவிடம், "கால்சட்ட நனையுது மாமா, மடிச்சு விடுங்க" என்றேனாம். அவர் குனிந்து தன் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டாராம். நான் பார்த்துவிட்டு அமைதியானேனாம். மறுநாள் ராத்திரியும் அதையே செய்தாராம்.

புதன்கிழமை கண் விழித்தபோது தரை காய்ந்திருந்தது. டாக்டர் வந்தார், ஒரு மலாய் அம்மா. அவர் சொல்லச் சொல்ல கலா மிஸி தமிழில் சொன்னார். அக்கா கால்மாட்டில் நின்றாள்.

"கடைசியா எப்ப குடிச்சீங்க?"

"புதன்கெழம மிஸி. காப்புக் கட்டியிருக்கு. அதுக்கப்புறம் தொடல" என்றாள் அக்கா.

"அவரக் கேட்டேன்க்கா."

நான் கூரை விசிறியைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். "வெள்ளிக்கெழம. கோயில்ல. பாதி பாட்டில்."

"அது சாமி குடிச்சது" என்றாள் அக்கா.

"இல்லக்கா. நான்தான்."

 கலா மிஸி டாக்டரிடம் மலாயில் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். பிறகு கலா மிஸி என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். பல வருடம் தினமும் குடிக்கிறவன் மூளையை சாராயம் அமுக்கிக்கொண்டே இருக்கிறது. மூளையும் சும்மா இருப்பதில்லை. "மோட்டார்ல பின்னால மூட்டைய வெச்சு மேடு ஏறும்போது நல்லா முறுக்கிப் பிடிப்பீங்கல்ல. மூட்ட டக்குனு விழுந்தா என்ன ஆகும்? வண்டி பாயும்ல. அதான் நடுக்கம், வேர்வ, வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரியறது. எல்லாம் அதான்." எனக்குக் கொடுத்த மாத்திரை அந்த முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவதற்கு. மஞ்சளாக ஏற்றிய மருந்து பி-ஒன் வைட்டமின். குடிகாரன் உடம்பில் அது வற்றிப்போகும், வற்றினால் ஞாபகமும் போகும்.

"அப்ப நிறுத்தினது தப்பா?"

"நிறுத்தினது சரி. யார்கிட்டயும் சொல்லாம ஒரே நாள்ல நிறுத்தினதுதான் தப்பு. அளவா குடிக்கிறவங்களுக்கு ஒன்னும் ஆகாது. உங்கள மாதிரி முழுநேர ஊழியருங்க கிளினிக்குக்கு வந்து சொல்லிட்டு நிறுத்தணும். காப்புக் கட்டுங்க, வேணாங்கல. கட்டிக்கிட்டு வாங்க."

வயிற்றை ஸ்கேன் எடுத்திருந்தார்கள். கல்லீரலில் கொழுப்பு ஏறி வீங்கியிருக்கிறது. ஓரத்தில் தழும்பு தொடங்கியிருக்கிறது. வீக்கம் குடியை விட்டால் வடியும். தழும்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும், ஆனால் வளராது. குடித்தால் எல்லாம் தழும்பாகும். அப்புறம் கண் மஞ்சளாகும், வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். "அந்த நெலமைக்கு வந்தவங்க ஒரு நாள் கூட வீட்ல இருக்கக்கூடாது" என்றார் கலா மிஸி.

எனக்கு மணியத்தின் வயிறு ஞாபகம் வந்தது. அதில் என் ஐந்து விரலால் பூசிய விபூதி.

மிஸி போனதும் அக்காவிடம் சொன்னேன். "லெட்சுமி அக்காவுக்குப் போன் போடு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. சாமி வரலன்னு சொல்லு."

அவள் போர்வையை மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள். "பிளாட்டே பேசுது, ருக்கு தம்பிக்கு முனி எறங்கியிருக்காருன்னு. இருபது வருஷமா உன்னப் பத்தி எல்லாரும் பேசினது எனக்குத்தான் தெரியும். இப்பதான் மொத தடவையா நல்ல பேச்சு."

வியாழக்கிழமை ரசமும் குழைந்த சோறும் கொண்டுவந்தாள். ஊட்டினாள், கை இன்னும் கரண்டியை நேராகப் பிடிக்கவில்லை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, "நான் சொல்லல" என்றாள். என்னிடம் லெட்சுமியின் நம்பர் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பில் கட்டுகிற இடத்தில் பெரிய தொகை இருக்கும் என்று பயந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரி, நான் ஒரு வாரத்தில் குடித்த காசைவிடக் குறைவு. கட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் அந்த ஆரஞ்சை உரித்துத் தின்றேன். புளிப்பு, இனிப்பு, தோலின் கசப்பு மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. எத்தனை வருடம் கழித்து என்று சொல்லத் தெரியவில்லை. குடியை விட்டதில் எனக்குக் கிடைத்த முதல் பொருள் அந்த ஆரஞ்சுதான்.

மற்றவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போது எட்டு மாதம் ஆகிறது. தூக்கம் உடனே வரவில்லை. முதல் மூன்று வாரம் கண்ணை மூடினால் கறுப்புத் தண்ணீர். நான்காவது வாரம் ஒரு நாள் இரவு படுத்தேன், எழுந்தபோது விடிந்திருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. காலில் குழி விழுவது நின்றது. காலை வாந்தி நின்றது. ரத்த அழுத்தம் இறங்கியது என்றார்கள். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கணக்கு பாதிக்கு மேல் சரியாகியிருந்தது.

மனது உடம்பைவிட மெதுவாக வந்தது. குடியில் இருந்தபோது எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. எதற்கு என்று தெரியாது, யாரோ கதவுக்கு வெளியே நிற்பது மாதிரி. அந்தப் பயத்துக்குத்தான் குடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயத்தைக் கொண்டுவந்ததே குடிதான். இரண்டாம் மாதம் ஒரு நாள் கவனித்தேன், வெளியே யாரும் இல்லை. கோபமும் குறைந்தது. நேற்று யாரிடம் என்ன சொன்னேன் என்பது ஞாபகம் இருக்கிறது, யாரிடமும் போய் "நேத்து ஏதாவது தப்பா பேசினேனா" என்று கேட்கவேண்டியதில்லை. ஆசை வரும். சம்பள நாளில் வரும், மழை பெய்தால் வரும். வந்தால் ஏதாவது தின்பேன், நடப்பேன். அரை மணி நேரத்தில் போய்விடும். போகாது என்று தோன்றும், போய்விடும். இதையும் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமைக்கே திரும்புகிறேன். மாசாயில் இறங்கி, பிளாட்டில் விசாரித்து லெட்சுமி வீட்டுக்குப் போனேன். நான்காவது மாடி, லிப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினேன். அவள் தலைக்குப் பூ வைத்துக் கோயிலுக்குத் தயாராக நின்றாள். மணியம் அண்ணன் நாற்காலியில், கண் போன வாரத்தைவிட மஞ்சள். என்னைப் பார்த்ததும் அவள் கையைக் கூப்பினாள்.

"கும்பிடாதீங்கக்கா. சொல்ல வந்தேன். அன்னிக்கு வந்தது சாமி இல்ல. குடிய விட்ட நடுக்கம். நான் சொன்னது எல்லாம் பொய். அண்ணன இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவளுக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "தம்பி, சாமி எறங்கினவங்களுக்கு அப்புறம் ஒன்னும் ஞாபகம் இருக்காது. உங்களுக்குத் தெரியாது. அன்னிக்குப் பேசினது நீங்க இல்ல, அவரு."

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

"அவரு சொன்னத மாத்தச் சொல்ல நீங்க யாரு?"

 இரண்டு நாள் கட்டிலில் படுத்து ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன், அவள் இதைச் சொல்லுவாள் என்று நினைக்கவில்லை. அப்போது மணியம் அண்ணன் வாயைத் திறந்தார்.

"அவன் சொல்றது நெசம்தான்."

"நீங்க சும்மா இருங்க."

"பூசாரி பாட்டில நீட்டினப்ப நான் பக்கத்துல நின்னேன். சாமி வாங்கினா ஒரு கையால வாங்கும், பாட்டிலப் பாக்காது. இவன் ரெண்டு கையாலயும் வாங்கினான். சிந்தாம வாங்கினான். நான் வாங்கற மாதிரி வாங்கினான்."

லெட்சுமி அவரைப் பார்த்தாள். "தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்னு சொன்னான்ல. எனக்கும் அதான வேணும்."

அவள் தலைப் பூவை எடுத்து மேசையில் வைத்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன், திரும்பிக்கொண்டாள். பிறகு மணியம் அண்ணன் கடைசித் துருப்பை எடுத்தார். "நாளைக்கு லோரி இருக்கு. ரெண்டு நாள் போகலன்னா தவுக்கே வேற ஆளு போட்டுடுவாரு. பத்து வருஷ வேல. அத யாரு பாப்பா?"

"நான் போறேன். நீங்க வர்ற வரைக்கும்" என்றேன்.

"நீ ஒரு எடத்துல நிக்க மாட்டியாமே. ருக்கு சொல்லியிருக்கு."

"நீங்க வர்ற வரைக்கும் நிப்பேன்."

வாசலில் மூச்சிரைப்பு கேட்டது. அக்காவும் மாமாவும். "கட்டில் காலியா இருந்திச்சு" என்றார் மாமா. "எங்க போறதுன்னு கேட்டேன். நேரா இங்க விடுங்கன்னு சொன்னா." அக்கா என்னைப் பார்க்கவில்லை. லெட்சுமியிடம் போய், "நான்தான் ரெண்டு நாள் முன்னாடியே சொல்லியிருக்கணும். அடையாளக் கார்ட எடு, துணி எடு" என்றாள். மாமாவும் நானும் மணியம் அண்ணனைத் தாங்கிக்கொண்டு நான்கு மாடி இறக்கினோம். கார், நான் காலையில் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனது. அவரை அன்றே சேர்த்துக்கொண்டார்கள். வார்டில் கலா மிஸியிடம் அண்ணனை ஒப்படைத்தபோது, "இன்னொரு முழுநேர ஊழியரா?" என்றார். அண்ணன் பிழைத்தார். திரும்பி எழுந்து நடக்க ஏழு வாரம் ஆயிற்று.

மறுநாள் சனிக்கிழமை விடிந்ததும் முட்டைக் கிடங்குக்குப் போனேன். கூரை உயரத்துக்கு முட்டைத் தட்டுகள். முதலாளி தவுக்கே கணக்கு நோட்டுக்கு மேலே என்னைப் பார்த்தார். அவருக்குச் சந்தைத் தமிழ் வரும்.

"மணியம் ஆளா? நீயும் குடிக்குமா?"

"குடிச்சேன். இப்ப இல்ல."

"கை காட்டு."

நீட்டினேன். விரல் நுனியில் இன்னும் லேசாக ஆடியது. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அழுக்கேறியிருந்தது. அவர் தட்டுகளைக் காட்டினார். "மத்த ஆளு ஆறு தட்டு தூக்கும். நீ ரெண்டு தூக்கு லா" என்றார்.

இரண்டு இரண்டாகத் தூக்கினேன். மற்றவர்கள் ஒரே நடையில் கொண்டுபோவதற்கு எனக்கு மூன்று நடை. லோரி ஏறி பத்தொன்பது கடைக்கு இறக்கினோம். மாலையில் வேர்வை காயாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மணியம் அண்ணன் கையில் ஊசியோடு படுத்திருந்தார். தூங்கவில்லை, எனக்காகத்தான் விழித்திருந்தார் போல.

"எத்தன முட்ட ஒடைச்ச?"

"ஒன்னு."

"ஒன்னா?" அவர் கூரை விசிறியைப் பார்த்தார். "எனக்குத் தெனமும் பத்து பன்னெண்டு போகும். ரோடு சரியில்லன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."